கொதிநீர்க் குழாய் வாங்கத்தான் வேண்டுமா?

சென்ற வருடம் ஹரோவில் ஒரு குடிபூரலுக்குப் போயிருந்தோம். வந்தவர்களுக்குச் சாமியறையைக் காட்ட முன்னரே குசினியைக் காட்டினார்கள். சிங்கில் பளபளக்கும் ஒரு குழாய். பிடியை இரண்டு தரம் அமர்த்தித் திருப்ப, ஆவி பறக்கக் கொதிதண்ணீர் வந்தது. ஐந்தாறு பேர் கைபேசியில் படம் எடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு தம்பி எங்களிடம் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆக்கள். இது உண்மையாய் லாபமோ?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டோம். பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்ததால் இருந்து கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறோம்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். சிங்கின் கீழ் அலுமாரிக்குள் 3 லீற்றர் அல்லது 7 லீற்றர் பிடிக்கும் ஒரு தாங்கி இருக்கும். அதற்குள் மின்சாரச் சூடாக்கி. நல்ல வகைகளில் தாங்கியின் சுவர் இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். இது எங்களுக்குப் புதிய சங்கதி அல்ல. ஊரில் அம்மாமார் இரவில் பிள்ளைக்குப் பால் கரைக்கத் தலைமாட்டில் வைத்திருந்த சுடுதண்ணிப் போத்தலும் இதே தத்துவந்தான். அதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் டுவார். 1892இல், இதே லண்டனில், அல்பெமார்ல் வீதி றோயல் இன்ஸ்ரிரியூஷனில்.

குழாயின் கதை ஒல்லாந்தில் தொடங்குகிறது. 1970இல் யூனிலீவரில் வேலை பார்த்த ஹென்றி பெற்றேறி என்ற பொறியியலாளர், உடனடி சூப் பற்றிய பேச்சு நடந்தபோது, தண்ணீர் உடனடியாகக் கொதிக்காவிட்டால் சூப் எப்படி உடனடி ஆகும் என்று யோசித்தார். வேலையை விட்டு, வீட்டு நிலவறையில் வருடக்கணக்காக முயன்றார். குவூக்கர் என்ற நிறுவனம் அப்படி வந்தது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன.

எல்லாம் ஒன்றல்ல. பிரஷர் குக்கரைப் போல அழுத்தத்தில் வைத்தால் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் திரவமாகவே நிற்கும். அழுத்தத் தாங்கி உள்ள வகைகள் 108, 110 பாகையில் வைத்திருந்து திறக்கும்போது 100 பாகையில் விடுகின்றன. அழுத்தம் இல்லாத மலிவு வகைகளால் கொதிநிலையைத் தொட முடியாது. அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். விளம்பரத்தில் "கொதிக்கும்" என்று எழுதாமல் "ஆவி பறக்கும்" என்று எழுதியிருந்தால், ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இலங்கைத் தேயிலைச் சாயம் 95 பாகையில் இறங்குவதற்கும் 100 பாகையில் இறங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. நம்மவர் நாக்குக்கு அது தெரியும்.

இனிக் கணக்கு. ஒரு லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட 0.1 அலகு மின்சாரம் வேண்டும். கேத்தலில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 0.11 அலகு. 2025இல் ஒவ்ஜெம் விதித்த உச்சவரம்பில் ஓர் அலகு 25 முதல் 27 பென்ஸ் வரை நின்றது. 26 என்று வைத்தால் ஒரு லீற்றர் கொதிதண்ணீர் சுமார் 3 பென்ஸ். 3 கிலோவாற் கேத்தலில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

குழாய் விற்பவர்கள் சொல்வது, கேத்தலில் தேவைக்கு மேல் கொதிக்க வைக்கிறீர்கள், குழாயில் ஒரு கோப்பை வேண்டுமென்றால் ஒரு கோப்பைதான் என்று. உண்மைதான். ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 4 லீற்றர் தேவைப்பட்டு 6 லீற்றர் கொதிக்க வைத்தால், வீணாகும் 2 லீற்றருக்கு வருடத்தில் சுமார் 21 பவுண். ஆனால் குழாயின் தாங்கி, நீங்கள் வேலைக்குப் போயிருந்தாலும் நித்திரை கொண்டாலும் சூடாகவே நிற்க வேண்டும். நல்ல தாங்கி ஒன்று சும்மா நிற்க 10 வாற் எடுக்கும் என்று வைத்தால் வருடத்துக்கு 87 அலகுக்கு மேல், ஏறத்தாழ 23 பவுண். மிச்சம் பிடித்தது அப்படியே போய்விட்டது. காப்பு மோசமான மலிவுத் தாங்கி 30 வாற் எடுத்தால் அது 68 பவுண். ஆகவே மின்சாரத்தில் மிச்சம் என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம். கேத்தலில் வேண்டிய அளவு மட்டும் நிரப்பினால் அந்த 21 பவுண் காசு செலவில்லாமலே கைக்கு வரும்.

மீதி எல்லாம் வாங்கும் விலைதான். பேர்போன வகை ஒன்று தாங்கியோடு 1,200 பவுண், பூட்டுவதற்கு 150 என்று எடுப்போம். பத்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 135. வடிகட்டிக்கும் சுண்ணாம்பு நீக்குவதற்கும் 70 என்று வையுங்கள். மின்சார வித்தியாசம் 2. மூன்று வருடத்துக்கு ஒருக்கால் 30 பவுண் கேத்தல் வாங்கத் தேவையில்லை, அதில் 10 கழியும். மொத்தம் வருடத்துக்கு 197 பவுண். நாளுக்கு 54 பென்ஸ். அந்த 1,350 பவுண் சேமிப்பில் கிடந்தால் தரும் வட்டியை நாங்கள் சேர்க்கவில்லை.

இதில் வடிகட்டிச் செலவைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். லண்டனின் தண்ணீர் சுண்ணாம்பு மண்ணூடாக வருவதால் கடினநீர். யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கேத்தல் அடியில் படியும் வெள்ளைப் படையை யாரும் விளக்கத் தேவையில்லை. கேத்தலென்றால் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவிவிடலாம். பூட்டிய தாங்கியை அப்படிச் செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு வடிகட்டி மாற்றச் சொல்லும் வகைகள் உண்டு, அந்த நிறுவனத்தின் வடிகட்டிதான் அதில் பொருந்தும். எங்கள் நண்பர் ஒருவர் இரண்டு வருடம் மாற்றாமல் விட்டு, பழுது பார்க்க வந்தவரிடம் உத்தரவாதம் செல்லாது என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் சமையலுக்கு அது எவ்வளவு உதவும்? புட்டு மாவும் இடியப்ப மாவும் குழைக்க நல்ல கொதிதண்ணீர் வேண்டும். அதற்குக் குழாய் அருமை. ஆனால் அது நாளில் ஒரு தரம். பால் ரீயைச் சட்டியில் காய்ச்சுகிற வீடென்றால் குழாய்க்கு வேலை குறைவு. பிளேன்ரீ குடிக்கிற வீடென்றால் கூட. கொதித்தாறின தண்ணீர்தான் குடிப்போம் என்று இன்னும் பிடிவாதமாக இருக்கும் பெரியவர்கள் பலர். முகாம்களிலும் இடம்பெயர்ந்த கொட்டில்களிலும் அந்தப் பழக்கம் உயிரைக் காத்தது, அதைப் பகிடி பண்ண மாட்டோம். ஆனால் லண்டன் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். அதைச் சொல்லிப் புரியவைத்தாலே எங்கள் வீட்டில் நாளுக்கு 3 லீற்றர் கொதிக்க வைப்பது நின்றது.

கைக்குழந்தை உள்ள வீடுகள் ஒன்றைக் கவனியுங்கள். பால்மா கரைக்கப் புதிதாய்ப் பிடித்த குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணிக்குள், 70 பாகைக்குக் குறையாமல் பாவிக்கச் சொல்கிறது தேசிய சுகாதார சேவை. முன்னரே கொதித்த தண்ணீரும், செயற்கையாக மென்மையாக்கிய தண்ணீரும் வேண்டாம் என்கிறது. மணிக்கணக்காகத் தாங்கியில் நின்ற தண்ணீரை விட, அதற்குக் கேத்தலே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இந்தக் குழாய் சிலருக்குத் தேவை என்றே நினைக்கிறோம். யாருக்கென்று எங்கள் அம்மாவால்தான் விளங்கியது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் காலை நாங்கள் எழும்ப முன்னர் ரீ போடப் போய், ஒன்றரை லீற்றர் நிறைந்த கேத்தலைத் தூக்க முடியாமல் தொடையில் ஊற்றிக்கொண்டார். சத்தமும் போடவில்லை. "நீங்கள் வேலைக்குப் போற பிள்ளையள், ஏன் எழுப்புவான் எண்டு விட்டனான் தம்பி" என்றார். பற்பசையைப் பூசிக்கொண்டு இருந்தார். அது பிழை. பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். குளிர்ந்த ஓடுகிற தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும், பிறகு வைத்தியம். காயம் ஆற இரண்டு மாதம் எடுத்தது.

அன்றிரவே 1,200 பவுணைக் கொடுக்க ஆயத்தமானோம். அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தியது எங்கள் மகள்தான். ஊரவை, அதாவது கவுன்சில், பெரியவர்களின் தேவையை இலவசமாக வந்து மதிப்பிடும் என்று அவள்தான் தேடிச் சொன்னாள். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அது உரிமை. மதிப்பீட்டில் தேவை என்று கண்டால் 1,000 பவுணுக்கு உட்பட்ட உபகரணங்களும் சிறு மாற்றங்களும் இலவசம். வந்த அம்மணி குழாயைப் பற்றிப் பேசவேயில்லை. கேத்தலைத் தூக்காமல் சாய்த்து ஊற்ற உதவும் கம்பித் தாங்கி ஒன்றைக் காட்டினார். பொத்தானை அமர்த்தினால் ஒரு கோப்பை மட்டும் கொதித்து விழும் இயந்திரமும் உண்டு என்றார். கடையில் அது 50 பவுண் அளவில் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் வாங்கினோம். அம்மாவுக்குத் தூக்கும் வேலை இல்லை, கோப்பையை அடியில் வைத்தால் போதும்.

கை நடுக்கம், மூட்டுவாதம், ஒரு கை மட்டும் இயங்குதல் என்றிருப்பவர் சமைக்கவும் வேண்டுமென்றால் ஒரு கோப்பை இயந்திரம் போதாது. அப்படிப்பட்ட வீட்டில் நாளுக்கு 54 பென்ஸ் அதிகமில்லை. மற்ற வீடுகளில் அது வசதிக்கும் அழகுக்கும் கொடுக்கும் காசு. கொடுக்கலாம், லாபம் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வாங்குவதென்றால் சிங்கின் கீழ் மின்செருகி இருக்கிறதா, குப்பைவாளியை எங்கே வைப்பீர்கள் என்று முதலில் பாருங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிடியின் பூட்டைக் கடையிலேயே நீங்களே திறந்து பாருங்கள். வடிகட்டியின் விலையையும் எத்தனை மாதத்துக்கு ஒன்று என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். சொந்த வீட்டை விற்கும்போது எதை விட்டுப்போகிறீர்கள், எதைக் கழற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று நிரப்பும் படிவத்தில் குழாயையும் தாங்கியையும் குறிப்பிட்டுவிடுங்கள். ஹரோத் தம்பிக்கும் இதையே சொல்லியிருக்கிறோம். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், மனைவி நிறத்தைத் தெரிவு செய்துவிட்டாராம்.