கடலுக்குத் திரும்பும் உப்பு: நான்கு உறுப்புரைகளுக்கு ஓர் உரை

ஐக்கிய நாடுகளின் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்டச் சமவாயத்தை இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் ஏற்றுறுதி செய்தன. 2024 ஆகஸ்டில் யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இன்று அந்தச் சமவாயத்தை அந்த நிலையத்தின் கரையில் வைத்துப் படிக்க வேண்டும்.

உறுப்புரை 1: மனிதர் கடலில் சேர்க்கும் பொருளோ சக்தியோ உயிரினங்களுக்குத் தீங்கோ மீன்பிடிக்கு இடையூறோ விளைவித்தால், அல்லது விளைவிக்கக்கூடுமானால், அது மாசுபடுத்தல்.

உப்பு கடலுக்குப் புதிதல்ல. ஆனால் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்போடு எடுத்த நீர், ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு திரும்புகிறது. தாளையடியின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் குடிநீர். இத்தகைய நிலையங்களில் எடுத்த நீரில் பொதுவாக 40 முதல் 45 சதவீதமே குடிநீராகும். அந்தக் கணக்கில் நாளொன்றுக்குச் சுமார் 29,000 முதல் 36,000 கன மீட்டர் உவர்நீர் கடலுக்குப் போகும். அடர்த்தி கூடிய அந்த நீர் சரியாகக் கலக்காவிட்டால் அடியில் படிந்து, கடற்புற்களையும் அடிவாழ் உயிர்களையும் மூடும்.

‘விளைவிக்கக்கூடுமானால்’ என்பதே இங்கு உயிர்ச்சொல். மீன் செத்து ஒதுங்கும்வரை சட்டம் காத்திருக்கச் சொல்லவில்லை. திட்டக் காலத்திலேயே தாளையடிக் கடற்றொழிலாளர் எழுப்பிய அச்சத்துக்கு இச்சொல் இடமளிக்கிறது.

உறுப்புரை 195: ஓரிடத்துத் தீங்கை இன்னோரிடத்துக்கு மாற்றக்கூடாது.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுபோகவே முதலில் திட்டமிட்டார்கள். வயல் காய்ந்துவிடும் என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அதனால்தான் கடலை நாடினார்கள். விவசாயியின் தோளிலிருந்து நியாயமாக இறக்கிய சுமையை மீனவரின் தோளில் ஏற்றுவது நியாயமாகாது.

பலாங்கொடையில் இருக்கும் நமக்கு இது எட்டாத செய்தியல்ல. இங்குள்ள சமனலவெவ அணை மின்சாரத்துக்காக வளவை ஆற்று நீரை மறித்தாலும், கீழே கல்தொட்டை வயல்களுக்கு நீர் போய்ச் சேர வேண்டும். மேலே எடுப்பவருக்குக் கீழே இருப்பவர்மேல் கடமை உண்டு. கடலிலும் அக்கடமையே.

அக்கடமையைச் செய்யும் வழியும் தெரிந்ததே: கழிவுக் குழாயைக் கடலின் ஆழமான பகுதிவரை நீட்டி, பல துவாரங்கள் வழியே வேகமாகப் பீச்சிக் கலக்கவிடுவது. வெளியேறும் இடத்திலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் உப்பு இயல்பைவிட ஆயிரத்தில் 2 பங்குக்கு மேல் கூடக்கூடாது என்று கலிபோர்னியா 2015இல் வரம்பிட்டது.

உறுப்புரைகள் 204, 205: விளைவுகளைத் தொடர்ந்து கண்காணி, அறிக்கைகளை வெளியிடு.

கட்டுமுன் எழுதிய ஒற்றை மதிப்பீடு போதாது என்பதே இதன் பொருள். எதிர்க்கரையான இந்தியாவில், சென்னைக்கு அருகே மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் இத்தகைய நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஒரு குழாயின் உப்பு நாடு கடந்து போகாது. ஆனால் ஒரே கடலில் நிலையங்கள் பெருகினால் சுமை கூடும். உலகின் உவர்நீர்க் கழிவில் பாதிக்கும் மேல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கட்டார் ஆகிய நான்கு நாடுகளிலிருந்தே வருகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு கணித்தது.

வடக்குக்குக் குடிநீர் வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஆனால் கடலும் கெடக்கூடாது. ஆகவே குழாயடியில் அளந்த உப்பின் அளவு மாதந்தோறும் தமிழில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்குக் கிடைக்க வேண்டும். இலங்கையும் இந்தியாவும் தத்தம் அளவீடுகளைப் பரிமாற வேண்டும். விளைவுகளைக் கண்காணித்து வெளியிடுவது இரு நாடுகளும் ஒப்பமிட்ட கடமை.