அம்பாசிடருக்கு ஒரு ரேடியேட்டர்

போன மே மாதம், கீரனூர் தாண்டியதும் அப்பாவின் அம்பாசிடர் ஆவி விட்டது. 1986 மாடல், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். ஸ்ரீரங்கத்திலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழி. அப்பா பதறவே இல்லை. டிக்கியைத் திறந்து தண்ணீர் கேனை எடுத்து வைத்துக்கொண்டு, "ஆறட்டும், மூடியைத் தொடாதே" என்றார். முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் திருச்சியில் பட்டறைக்காரர் ரேடியேட்டரைக் கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தார். "பாதி ட்யூப் அடைச்சுக் கிடக்கு சார். பூரா சுண்ணாம்பு. கோர் மாத்துறீங்களா, இல்ல புது அலுமினியமே போட்டுறலாமா?"

அப்பாவுக்கு வயது 78. வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தக் காரிலேயே கோயிலுக்குப் போக வேண்டும் அவருக்கு. இன்னொரு தடவை இப்படிக் கொதித்தால் ஹெட் கேஸ்கெட் போகும். அந்தச் செலவோடு காரை விற்றுவிடுவோம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதனால் பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

காரின் வரலாறே தண்ணீர் தேடி நின்ற கதையில்தான் தொடங்குகிறது. 1888இல் பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டிப் போனபோது, வழிநெடுகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இன்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் அதன் குளிரூட்டும் முறையே. கிட்டத்தட்ட நாங்கள் கீரனூரில் செய்ததுதான்.

இதை மாற்றியவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக். 1900-01இல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸில் 8,070 சிறு சதுரக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்து, தேன்கூடு போல ஒரு ரேடியேட்டர் செய்தார். குழாய்க்குள் காற்று, வெளியே தண்ணீர். 9 லிட்டர் தண்ணீர் போதுமானதாயிற்று.

அதற்குப் பிறகு வடிவம் மாறினாலும், பித்தளைக் குழாய், செம்புத் தகடு, ஈயப் பற்று என்ற கூட்டணி பல பத்தாண்டுகள் நீடித்தது. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரில் பெரும்பகுதி இந்தக் காலத்துக் கார்தான். ஒழுகினால் பட்டறையில் ஈயம் வைத்து அடைப்பார்கள். சித்திரை வீதியில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதே உலோகங்கள், அதே நெருப்பு. ஊருக்கு ஊர் ரேடியேட்டர் பட்டறை பிழைத்தது இதனால்தான்.

1970களில் ஐரோப்பிய கார்களில் அலுமினியம் பரவத் தொடங்கியது. வெப்பம் கடத்துவதில் செம்பு 400 என்றால் அலுமினியம் 240தான். பிறகு எப்படி ஜெயித்தது? எடை குறைவு, விலை குறைவு. அகலமான தட்டைக் குழாய்களை வைக்க முடிந்ததால் கடத்தும் திறனில் இருந்த குறையும் ஈடாகிவிட்டது. ஆனால் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விட்டால் ஈயம் வைத்து ஒட்ட முடியாது. தூக்கிப் போட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் எதிர்வீட்டு மாமாவிடம் சொன்னேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கே வந்த பணிமனை அது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "அதெல்லாம் இருக்கட்டும், என்ன தண்ணி ஊத்தறேள்?"

நீராவி இன்ஜின் பாய்லரை நாள் கணக்கு வைத்துக் கழுவுவார்களாம். கழுவாவிட்டால் குழாயில் சுண்ணாம்பு படிந்து, நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. திரும்பிப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். செம்பு 400, அலுமினியம் 240 என்ற அதே கணக்கில் சுண்ணாம்புப் படிவு ஒன்றோ இரண்டோதான்! செம்பா அலுமினியமா என்று இரண்டு நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, காரைக் கொதிக்க வைத்தது உலோகமே இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருந்துகொண்டு, பக்கெட்டில் வெள்ளைக் கோடு விடும் எங்கள் போர் தண்ணீரைத்தான் வருஷக்கணக்காக ஊற்றியிருக்கிறோம்.

கடைசியில் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு செம்புக் கோர் மட்டும் மாற்றினோம். பொருத்தும் துளைகளும் ஹோஸ் வாய்களும் அப்படியே சேரும், பழுதானால் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது காரணம். நீங்களும் இந்த வேலையில் இறங்கினால் மூன்றைக் கவனியுங்கள்:

முதலில், உங்கள் இன்ஜின் எது என்று சொல்லி வாங்குங்கள். பழைய 1489 சிசிக்கும் பின்னால் வந்த 1800 இசுசுவுக்கும் "அம்பாசிடர் ரேடியேட்டர்" என்று ஒரே பெயர் சொல்லிக் கேட்காதீர்கள்.

அடுத்து, கோரின் தடிமன். குழாய் வரிசை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஃபேன் இடிக்காமல் இடம் இருக்க வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது, தடித்த கோருக்குள் காற்று நுழைவதும் கஷ்டம்.

மூன்றாவது, மூடி. எங்கள் காரில் 7 பவுண்டு மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 111 டிகிரி ஆக வேண்டும். 15 பவுண்டு போட்டால் 121 வரை தாங்கும் என்று ஆசை காட்டுவார்கள். பழைய ஹோஸும் ஈயப் பற்றும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

அலுமினியம்தான் போடுவீர்கள் என்றாலும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீரை மறந்துவிட வேண்டும். அலுமினியம் அடைவதோடு நிற்காது, அரித்து ஓட்டையும் ஆகும்.

இன்ஜினுக்குள் இருந்த பழைய சுண்ணாம்பையும் கழுவிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றினேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். "தண்ணியைப் போய்க் காசு குடுத்து வாங்கறியே" என்றார்.

ஆடியில் மறுபடி கிளம்பினோம். கீரனூரில் முள் பாதியைத் தாண்டவில்லை. அந்தப் புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார் அப்பா. டீ குடிக்க.