பதினெட்டாவது அட்சக்கோடு

அசோகமித்திரன் (1931–2017) எழுதி 1977இல் வெளிவந்த நாவல். இளைஞன் ஒருவனின் மனமுதிர்ச்சியைப் பின்தொடரும் ‘வளர்ச்சி நாவல்’ என்னும் வகையில், பிறர் நிலையிலிருந்து உலகைக் காணக் கற்பதை இந்த அளவு உபதேசமின்றிச் சொன்ன தமிழ்ப் படைப்புகள் குறைவு.

இந்திய ராணுவம் 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை மேற்கொண்ட நடவடிக்கையால் ஐதராபாத் நிஜாம் அரசு இந்தியாவுடன் இணைந்த காலமே கதைக்களம். செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளரும் சந்திரசேகரனுக்குக் கிரிக்கெட்டும் கல்லூரியும்தான் உலகம். அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்துடன் உறவும் பூசலும் மாறி மாறி வருகின்றன.

கதைசொல்லல் ‘நான்’ என்றும் ‘அவன்’ என்றும் மாறிக்கொண்டே இருப்பதால், நாயகன் தன்னையே வெளியிலிருந்து பார்க்கும் நிலை உருவாகிறது. இதை வெறும் உத்தியாகக் கருதுவது பொருந்தாது, நாவலின் பொருளே அதில்தான் அடங்கியுள்ளது. இணைப்பை ஒட்டி மூண்ட கலவரத்தின் ஓர் இரவில் தப்பியோடிச் சுவரேறிக் குதிக்கும் சந்திரசேகரன், அஞ்சி ஒடுங்கியிருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்துவிட, தன் வீட்டாரைக் காப்பதற்காக ஒரு சிறுமி அவன்முன் ஆடை களைகிறாள். அதுவரை தன்னைத் துரத்தப்படுபவனாகவே எண்ணியிருந்தவன், அவள் கண்களுக்குத் தான் துரத்துபவன் என்பதை உணர்ந்து, குமட்டலுடன் அங்கிருந்து ஓடுகிறான்.