தொட்டால் தெரியும் காசு

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் இருபது வருஷம் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும், சட்டைப் பைக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே சில்லறையைப் பிரிப்பார். சதுரமா, அஞ்சு பைசா. ஓரம் வளைவு வளைவாக இருந்தால் பத்து. ஆறு பக்கம் என்றால் இருபது. "காச கண்ணால பாக்கணுமாடா? தொட்டா தெரியாது?" என்பார்.

பண்டைய கிரேக்க வெண்கலக் காசுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும். ஏதென்ஸின் கால் ஓபல் வெள்ளிக்காசு 0.2 கிராம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு சந்தையில் அத்திப்பழம் வாங்குவது எப்படி? பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே சிசிலி, தென் இத்தாலியின் கிரேக்க நகரங்கள் சில்லறைக்கு வெண்கலத்தை எடுத்துக்கொண்டன. வெள்ளிக்காசுக்கு உலோகமே மதிப்பு. வெண்கலக்காசுக்கு ஊர் கொடுக்கும் வாக்குதான் மதிப்பு. யாருடைய வாக்கு என்பதைச் சொல்லத்தான் படம். ரோட்ஸ் என்றால் ரோஜா. கிரேக்கத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். ஏதென்ஸ் என்றால் ஆந்தை. கருங்கடல் கரையிலிருந்த ஒல்பியா, காசையே டால்பின் வடிவத்தில் வார்த்தது. படிக்கத் தெரியாதவனும் ஏமாறமாட்டான்.

வாக்கு பிசகினால்? போர் நெருக்கடியில் ஏதென்ஸ் செம்பில் வெள்ளி பூசிக் காசு விட்டது. பொ.ஆ.மு. 405இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் 'தவளைகள்' நாடகம், ஊரின் மட்டமான தலைவர்களை அந்தப் புதுச் செம்புக்காசோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்தது.

நம் பக்கமும் இதே கதைதான். 1980களில் ஆர். கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்ட சங்ககாலப் பாண்டியர் செப்புக்காசு சதுரமானது, அப்பாவின் அஞ்சு பைசா மாதிரி. ஒரு பக்கம் குதிரை, தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயர். மறுபக்கம் கோடுகளால் ஆன மீன். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த கிரேக்கக் காசுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். எங்கள் பழைய வட ஆற்காட்டிலேயே, செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில், எழுத்துப் பொறித்த ஈயக்காசுகள் கிடைத்தன.

பெருவழுதியின் பெயரைச் சந்தையில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? மீனை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எழுத்து அரசனுக்கு, மீன் கூலிக்காரனுக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் ரேஷன் கடையில் அப்பா பெருவிரலை வைத்தார். சுண்ணாம்பு தின்ற விரல், ரேகை இல்லை. இயந்திரம் மூன்று தடவை மறுத்தது. நான் வேலையில் எழுதுவதும் இந்த மாதிரி, ஆளைச் சரிபார்க்கும் மென்பொருள்தான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் காசு அடித்தவன், எதிரே இருப்பவனால் என்ன முடியும் என்று யோசித்துவிட்டு அச்சை வெட்டினான். நாங்கள் அதை யோசிக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "காசு எனக்குத் தெரிஞ்சிது. அதுக்குத்தான் என்னத் தெரில."