எழுதியவன் பங்கு – 4: முதல் புத்தகம் யாருடையது?

போன வாரம் உங்களை 120 ரூபாயோடு நடுவழியில் நிறுத்திவிட்டுப் போனேன். கோபம் நியாயம்தான். வாருங்கள், கோட்டயத்துக்கே திரும்புவோம்.

வருடம் 1945. 12 பேர். ஆளுக்கு 10 ரூபாய்.

மொத்தம் 120. எழுத்தாளர்கள் தாங்களே நடத்தும் பதிப்பகத்துக்கு அதுதான் முதல். சாகித்ய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் வைத்தாயிற்று. தலைவர் எம்.பி. பால். செயலாளர் காரூர் நீலகண்ட பிள்ளை.

பணம் வந்தாயிற்று, பெயர் வந்தாயிற்று. இனி புத்தகம் போட வேண்டியதுதானே என்பீர்கள்.

யாருடைய புத்தகத்தை?

அங்கேதான் சிக்கல்.

எழுத்தாளர்கள் கூடும் இடத்தில் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. கையில் இருப்பது ஒரு புத்தகத்துக்கே தட்டுத்தடுமாறும் பணம். அது விற்றால்தான் அடுத்த புத்தகம். விற்காவிட்டால் 10 ரூபாய் போட்டவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. யுத்த காலம் வேறு. காகிதத்துக்குக் கட்டுப்பாடு. பர்மா அரிசி நின்றுபோய்த் திருவிதாங்கூர் முழுக்கப் பட்டினி பார்த்த வருடங்கள் அவை. வாத்தியார் வீட்டில் 10 ரூபாய் என்றால் அது அரிசிக்கு வைத்த பணம்.

முதலில் தலைவரைப் பாருங்கள். எம்.பி. பாலுக்கு அப்போது 41 வயது. நாவல் என்றால் என்ன, சிறுகதை என்றால் என்ன என்று மலையாளிக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த விமர்சகர். பஷீரின் 'பால்யகால சகி'க்கு முன்னுரை எழுதி, இந்த ஆளைக் கவனியுங்கள் என்று ஊருக்குக் காட்டியவர். கிறிஸ்தவர்தான். ஆனாலும் சபைக்கு அவரைக் கண்டால் ஆகாது. கல்லூரி வேலை கையில் நிற்கவில்லை, டுட்டோரியல் காலேஜ் நடத்திப் பிழைத்தார். (அவர் உடலை எங்கே புதைப்பது என்று சர்ச்சை கிளம்பும் நாள் ஒன்று 1952 இல் வரப்போகிறது. அதற்குத் தனி அத்தியாயமே வேண்டும். பொறுங்கள்.)

தலைவர் தம் கட்டுரைத் தொகுப்பு ஒன்றையே முதலில் போடச் சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்?

சரி, செயலாளர்?

இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்லவேண்டும். காரூர் பள்ளிக்கூட வாத்தியார். வயது 47. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் வாத்தியார் என்றால் வெள்ளை வேட்டியும் காலி வயிறும். அவருடைய 'பொதிச்சோறு' கதையைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஒரு பையன் கொண்டுவந்த கட்டுச்சோறு காணாமல் போகிறது. எடுத்தது யார்? பசி தாங்காத தலைமையாசிரியர். அந்தக் கதையில் யார்மேலும் கோபம் கிடையாது. அழுகையும் கிடையாது. படித்து முடித்தால் நமக்குத்தான் சோறு இறங்காது.

அப்படி எழுதிய மனிதரின் கையில் இப்போது எல்லோருடைய 120 ரூபாயும் இருக்கிறது.

அவரிடம் கதைகள் இல்லையா? மூட்டையாக இருந்தன. மலையாளச் சிறுகதையின் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியவர். அச்சகத்துக்கு நடக்கப்போவது அவர். காகிதம் பேசப்போவது அவர். புரூஃப் பார்க்கப்போவதும் அவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். தம் கதைகளைச் சத்தமில்லாமல் முதல் ஃபாரத்தில் ஏற்றிவிட்டிருக்கலாம். நாமாக இருந்தால் ஏற்றியிருப்போம்.

ஏற்றவில்லை.

சங்கத்தின் முதல் புத்தகம் 'தகழியின் கதைகள்'.

கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் நினைக்கும் தகழி வேறு. 'செம்மீன்' வர இன்னும் 11 வருடம் இருக்கிறது. 'தோட்டியின் மகன்' கூட வரவில்லை. சுந்தர ராமசாமி மொழிபெயர்த்து நம் வீட்டு அலமாரிக்கு வந்த தகழி அல்ல இவர். அம்பலப்புழைக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, குட்டநாட்டு வயல்காரர்களின் வரப்புத் தகராறுகளைக் கேட்டுக்கொண்டிருந்த 33 வயது வக்கீல். வெள்ளத்தில் கூரைமேல் கைவிடப்பட்ட ஒரு நாயைப் பற்றிக் கதை எழுதியவர். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

தலைவரை விட்டார்கள். செயலாளரை விட்டார்கள். ஒரு வக்கீலின் கதைகளுக்குப் போய் மொத்தப் பணத்தையும் கட்டினார்கள்!

ஏன்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். செயலாளரின் புத்தகம் முதலில் வந்திருந்தால் சங்கம் அன்றைக்கே செத்திருக்கும். புத்தகம் கெட்டது என்பதால் அல்ல. கணக்கு எழுதுகிறவன் கையே பந்தியில் முதலில் நீண்டது என்று பேச்சு வந்திருக்கும். பிறகு பதிமூன்றாவது ஆள் 10 ரூபாய் கொண்டுவர மாட்டான். கட்டுச்சோற்றுக் கதை எழுதியவருக்கு இது தெரியாதா?

அத்தோடு பாலின் கண். பஷீரை அடையாளம் கண்ட அதே கண்தான் தகழியையும் எடைபோட்டிருக்க வேண்டும். எடை சரியாக இருந்ததா என்பதற்குக் காலம் பதில் சொல்லிவிட்டது, நான் வேறு சொல்ல வேண்டாம்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கும் எழுத்தாளர்கள் ஆவலாகக் காத்திருக்கும் இடம் இது என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் எழுதியவனுக்கு என்ன கிடைத்தது? பதிப்பாளர் ஒரு தொகையைக் கையில் வைப்பார். உரிமை முழுக்க அவருக்கு. பத்துப் பதிப்பு ஓடினாலும் எழுதியவன் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம். இல்லையென்றால் பஷீர் வழி. சொந்தமாக அச்சிட்டு, தாமே சுமந்து, வீடு வீடாகப் போய் விற்பது.

சங்கம் என்ன கொடுத்தது தெரியுமா?

நூற்றுக்கு 30.

திரும்பப் படியுங்கள். முப்பது! இன்றைக்குத் தமிழில் பத்து சதவீத ராயல்டி ஒழுங்காக வந்தால் பதிப்பாளரின் படத்தைப் பூஜையறையில் மாட்டும் எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். நம் அணாக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு ரூபாய்ப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஐந்தணா எழுதியவனுக்கு. மீதிப் பதினோரணாவுக்குள் காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங், கடைக்காரருக்குக் கழிவு எல்லாம் அடங்க வேண்டும். வியாபாரி எவனும் இந்தக் கணக்கைத் தொடமாட்டான். தொட்டவர்கள் வியாபாரிகள் அல்ல. லாபம் சாப்பிட நடுவில் முதலாளி இல்லாததால் கணக்கு நின்றது.

இதில் வெறும் காசு மட்டும் இல்லை. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சி அது. எழுதினால் வேலை போகும், சில சமயம் ஆளும் உள்ளே போவான். எழுத்தாளர் பொன்குன்னம் வர்க்கிக்கு இரண்டும் நடந்தது. எழுத்தால் வாத்தியார் வேலை போயிற்று. 1946 இல் கதைகளுக்காக ஆறு மாதம் சிறை. அப்படிப்பட்ட ராஜ்யத்தில், சர்க்காரையோ பிஷப்பையோ பள்ளி மேனேஜரையோ நம்பாமல் எழுத்தாளன் வீட்டு அடுப்பு எரிய ஒரு வழி வேண்டியிருந்தது. தர்மம் கேட்டு நிற்பது இல்லை இது. நம் புத்தகம் விற்ற காசு, நம் கணக்கில், நம் ஆட்கள் கையால்.

ஒன்று சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இந்தச் சங்கம் பிறந்து மூன்றே வருடத்தில், 1948 இல், இதே திருவிதாங்கூரின் தலைநகரில் நம் புதுமைப்பித்தன் காசநோயில் கண்ணை மூடினார். அவர் போனபிறகு நாம் குடும்பத்துக்கு நிதி திரட்டினோம். கோட்டயத்துக்காரர்கள் ஆள் இருக்கும்போதே திரட்டினார்கள்.

போகட்டும். கதைக்கு வருவோம்.

'தகழியின் கதைகள்' அச்சாகி வந்துவிட்டது. மை வாசனை போகாத படிகள்.

இப்போது காரூருக்கு அடுத்த தலைவலி.

புத்தகம் இருக்கிறது. கடை?

மலையாள நாடு முழுக்கப் படிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அனுப்பினால் மட்டும் போதாது, விற்ற பணம் திரும்பி வரவேண்டும். புத்தக வியாபாரத்தில் போவது எளிது, திரும்புவதுதான் கஷ்டம். பணம் வராவிட்டால் நூற்றுக்கு 30 என்ற வாக்குறுதி காகிதத்தோடு சரி. பாலால் விமர்சனம் எழுத முடியும். காரூரால் கதை எழுத முடியும். கடைக்காரரிடம் பாக்கி வசூலிக்க இருவராலும் ஆகாது.

அதே கோட்டயத்தில், அதே 1945 இல், ஓர் ஆள் நண்பரோடு சேர்ந்து புத்தகக் கடை ஒன்றைத் திறந்திருந்தார். நேஷனல் புக் ஸ்டால் என்று பெயர்.

வயது 31. முன்னாள் வாத்தியார். சுதந்திரப் போராட்டக்காரர். நையாண்டியாக எழுதுவார், வாதாடுவார், விற்பார். மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம்.

டி.சி. கிழக்கேமுறி.

இங்கே புத்தகம் இருக்கிறது, கடை இல்லை. அங்கே கடை இருக்கிறது. தானாகச் சேர்ந்திருக்க வேண்டியதுதானே? ஆனால் நான்கு வருடம் ஆயிற்று. ஏன் என்று யோசியுங்கள். ஒன்று பலபேரின் கூட்டுச் சொத்து. மற்றது சொந்தக் கடை. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால், யாரோ ஒருவர் தம் கையில் இருப்பதை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

விட்டுக்கொடுத்தது யார்? பதிலுக்கு அவர் என்ன கேட்டார்?

(அடுத்த வாரம்)