கணித ஆசிரியர் இராசீன் பாதிரியார்

கணிதக் கலையை வளர்ப்போர் இரு திறத்தினர். புதிய உண்மைகளைத் தாமே கண்டு நிலைநாட்டுவோர் ஒரு திறத்தினர். அவற்றைக் காணவல்ல இளைஞரைத் தேர்ந்து, வழிகாட்டி, உரிய இடத்தில் சேர்ப்பிப்போர் மற்றொரு திறத்தினர். கணித மேதை சீனிவாச இராமாநுஜன் பெயரை அறியாத தமிழர் அரியர். ஆனால் சார்லஸ் இராசீன் என்னும் ஆசிரியர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இராசீன் 1897இல் பிரான்சு தேசத்தில் பிறந்தார்; இயேசு சபைத் துறவியானார். பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெருங்கணித அறிஞரிடம் பயின்று, 1934இல் சார்பியல் பற்றிய ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் பெற்றார். 1937இல் தமிழகம் வந்து திருச்சி அர்ச். சூசையப்பர் கல்லூரியில் கற்பித்தார். 1939இல் சென்னை லயோலாக் கல்லூரிக்கு மாறினார். 1976இல் காலமாகும் வரை தமிழ்நாடே அவர்தம் வீடாக இருந்தது.

அந்நாளில் நம் கல்லூரிகளில் கணிதக் கல்வி ஆங்கிலேயரின் பரீட்சை முறையைத் தழுவியே நடைபெற்றது. சிக்கலான வினாக்களை விரைந்து விடுவிப்பதே திறமை எனக் கருதப்பட்டது. இராசீனோ பிரான்சில் புதிதாய் எழுந்த கணிதத்தைத் தம் மாணாக்கருக்கு அறிமுகஞ் செய்தார். பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்ட நூல்களைப் பயிலத் தூண்டினார். பரீட்சைக்கு அப்பாலும் கணிதம் உண்டென்பதை இளைஞர் உணர்ந்தனர்.

நிற்க. அவர் செய்த அருந்தொண்டு மற்றொன்று உண்டு. 1945இல் தோன்றிப் பம்பாயில் நிலைபெற்ற டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்திற்குத் தம் சிறந்த மாணாக்கரை அவர் அனுப்பி வைத்தார். வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், காஞ்சிபுரத்திற் பிறந்த சி. எஸ். சேஷாத்திரியும் 1953இல் அங்குச் சேர்ந்தனர். 1965இல் அவ்விருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றத்தை வடிவகணிதத்தாரும் பௌதிக ஆராய்ச்சியாளரும் இன்றும் எடுத்தாளுகின்றனர். இளமையிலேயே மறைந்த மேதை சி. பி. இராமானுஜமும் இராசீனின் ஊக்கத்தால் அக்கழகம் புகுந்தவரே. இவர்கள் இராசீனின் சமயத்தைச் சார்ந்தவரல்லர். அவர் நோக்கியது அறிவின் ஆர்வம் ஒன்றையே.

இராசீன் பெயரால் வழங்கும் பெருந்தேற்றம் ஏதும் இல்லை. ஆயினும் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அவர் மாணாக்கரான சேஷாத்திரி 1989இல் சென்னையில் ஒரு கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1998 முதல் அங்கே பள்ளி முடித்து வரும் இளைஞருக்கும் பட்டப் படிப்பு அளிக்கப்படுகிறது. ஆசிரியரிடம் பெற்றதை மாணாக்கர் அடுத்த தலைமுறைக்கு வழங்கினார்.

இச்சரிதம் தோட்டத் தமிழராகிய நமக்கு உணர்த்துவது யாது? பத்துப் பிள்ளைகள் இருக்குமாயின் தோட்டத்திலேயே பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் மலாய்க் கூட்டு மாநிலங்களில் விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் அதன் வாயிலைக் கடந்த பிள்ளை எங்கே செல்வதென்று அச்சட்டம் கூறவில்லை. அதைக் கூற ஓர் ஆள் வேண்டும். தோட்டத்தில் கணக்கென்றால் செக்ரோலும் சம்பளப் பட்டியலுமே என்றிருந்த நம் வீடுகளில், அறிவுள்ள பிள்ளையின் வழி பல வேளை அவ்வளவிலேயே முடிந்துவிட்டது.

பட்டர்வொர்த்துக் கரையில் நின்று பார்த்தால் எதிரே பினாங்குத் தீவு தெரிகிறது. 1969 முதல் அங்கே ஒரு பல்கலைக்கழகம் நிலவுகிறது. இடையிலுள்ள கடலைப் படகும் பாலமும் கடத்திவிடும். ஏழைப் பிள்ளையின் தயக்கத்தைக் கடத்த ஆசிரியரே வேண்டும். எத்தனை பேருக்கு முழு மதிப்பெண் வாங்கித் தந்தார் என்று ஆசிரியரை அளக்கும் நாம், எத்தனை பேருக்கு மேல்வழி காட்டினார் என்றும் கேட்போமாக. ஆசிரியர் மட்டுமன்றி, நாலெழுத்துக் கற்ற கிராணிமாரும் கடைக்காரரும் ஆளுக்கொரு பிள்ளைக்கேனும் அவ்வழியைக் காட்டுவார்களாயின், நம் சமூகத்தின் கணக்கு மாறும்.