வயலில் வழியும் யூரியா கடற்கரையில் என்ன செய்யும்?

நீங்கள் வயலில் இடும் தழைச்சத்து முழுவதும் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி வடிகால் நீரோடு ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. அங்கே அது என்ன செய்யும் என்பதற்குப் பிரான்ஸ் நாட்டின் பிரிட்டனி பகுதி நல்ல எடுத்துக்காட்டு.

பன்றி, கறவை மாட்டுப் பண்ணைகள் நிறைந்த பகுதி அது. 1970களில் இருந்து அங்குள்ள விரிகுடாக்களில் 'உல்வா' என்ற பச்சைக் கடற்பாசி கோடைதோறும் குவிகிறது. உரமிட்ட நிலங்களில் இருந்தும் பண்ணைக் கழிவுகளில் இருந்தும் வடியும் நைட்ரேட்டே இதற்கு முக்கியக் காரணம்.

சேற்றுத்தரையின் இயல்பான வேலை

கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுத்தரை, நீர் கட்டிய நெல் வயலைப் போன்றது. மேலே உள்ள மெல்லிய அடுக்கில் பிராணவாயு இருக்கும். அங்கே அம்மோனியா வடிவத் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும். அடியில் உள்ள காற்றில்லாத கருஞ்சேற்றில் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றும். இது வயலில் நடந்தால் நமக்கு நஷ்டம். கடற்கரையிலோ, மிகுதியான சத்து கழிய இது நல்ல வழி. சேற்றில் வளை தோண்டும் புழுக்கள் உள்ளே காற்றோட்டம் தந்து இதற்கு உதவுகின்றன.

பாசி மூடினால்

பாசி வளரும்போது நீரில் உள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கனமாகப் படிந்து அழுகும்போது பிராணவாயு தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உண்டாகும். புழுக்களும் சிப்பிகளும் மடியும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது தடைபடுவதால், வாயுவாக வெளியேறும் அளவும் குறையும். இரும்புடன் பிணைந்திருந்த மணிச்சத்தும் கரைந்து வெளியே வரும். இரண்டும் நீரில் கலந்து, அடுத்து வளரும் பாசிக்கே உரமாகும்.

2009ஆம் ஆண்டு பிரிட்டனியின் ஒரு கடற்கரையில், அழுகிய பாசியில் சிக்கிய குதிரை இறந்தது. அதில் சவாரி செய்தவர் மயங்கி விழுந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மண் பரிசோதனை செய்து, பரிந்துரைத்த அளவு மட்டும் உரமிடுங்கள். தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடுங்கள்.

• நடவு நெல்லில் 14ஆம் நாளில் இருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையைப் பயன்படுத்துங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே போனால் மட்டும் மேலுரம் இடுங்கள்.

• மேலுரம் இட்டதும் வயல் நீரை வடிய விடாதீர்கள். பலத்த மழை வரும்போல் இருந்தால் உரமிடுவதைத் தள்ளிப்போடுங்கள்.

• வாய்க்கால், வடிகால் ஓரங்களில் சாணத்தைக் குவிக்காதீர்கள்.

• கரை ஒதுங்கிய பாசியை உரமாக்க விரும்பினால், அழுகும் முன்பே எடுத்து, நல்ல நீரில் உப்பு போக அலசி, மட்க வைத்து இடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும் பாசிக் குவியலில் கால் வைக்காதீர்கள்; ஆடு மாடுகளையும் விடாதீர்கள்.